காவடி ஓவியத்தில் உருவமும் அருவமும்: அவரவர் கைமுறை (வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதியவர்களின் பதிவுகள்)

கத்ர் போர்ன், மொரிஷியஸ்

தைப்பூசம் முடிந்த கையோடு காவடியை வரைய உட்காருபவர்கள் இங்கே நிறையப் பேர். படங்களைப் பார்த்தால் முக்கால்வாசியில் ஒரே குறைதான். காவடி எடுப்பவர் முகம், கை, கால் என்று முழுசாக நிற்பார். பின்னால் நிறத்தை வாரி இறைத்திருப்பார்கள். உருவத்தைக் கத்தரித்து ஒட்டியது போலத் தெரியும். உருவத்தை முதலில் முடித்துவிட்டு அருவத்தை, அதாவது உருவமில்லாத நிறப்பரப்பை, பின்னணியாகச் சேர்ப்பதால் வரும் கோளாறு இது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே தூரிகையில், ஒரே நிறக் கலவையில் வளர வேண்டும். கோர் தெ கார்ட் மலைக்கோயில் காவடியை வரையும் ஓவியர் ஒருவரின் கூடத்தில் பார்த்த முறையை எழுதுகிறேன். அதிலேயே பழகியும் ஆயிற்று.

தொண்ணூறுக்கு நூற்றிருபது சென்டிமீட்டர் கேன்வாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளங்கை அளவுத் தாளில் பத்துப் பன்னிரண்டு கோட்டுச் சித்திரம். முகம் வேண்டாம். பாரம் எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் பிடிக்க வேண்டும்: மரவளைவு தோளில் அழுந்தும் இடம், அங்கிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முன்காலின் குதிகால். இந்த ஒரு கோடு சரியாக விழுந்தால் மற்ற எல்லாவற்றையும் கரைத்தாலும் ஆள் நிற்பார். தவறினால் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் மிதப்பார்.

அடுத்து மூன்றே மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றைக் கடைசிவரை விடாமல் பிடிப்பது. அந்த ஓவியர் எடுத்துக்கொண்டவை தோளில் மரம் பதியும் பள்ளம், காவடியைப் பற்றிய கையின் விரல் முட்டிகள், முன்காலின் குதிகால். பால் செம்பைக்கூட அவர் விட்டுவிட்டார், வெறும் ஒளித்துண்டாக. நான்காவது ஐந்தாவது என்று கூட்டிக்கொண்டே போனால் படம் மறுபடி விளக்கப்படமாகிவிடும்.

கரித்துண்டால் பெரிதாக வரைந்து, பழைய பருத்தித் துணியால் தட்டி உதறினால் மங்கலான தடம் மிஞ்சும். அதன்மேல் நீர்த்த பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) அக்ரிலிக்கால் பாரக்கோட்டையும் அந்த மூன்று இடங்களையும் மட்டும் கட்டி, ஒரு மணி நேரம் காயவிட வேண்டும்.

இனி ஊற்றுதல். இரண்டு மேசைக்கரண்டி அக்ரிலிக், இரண்டு கரண்டி மேட் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பிசின் திரவம்), நான்கு கரண்டி தண்ணீர். வெறும் தண்ணீரில் இவ்வளவு கரைத்தால் பிசின் பலம் குறைந்து, மேலே அடுத்த பூச்சு இழுக்கும்போது எழும்பி வரும், மீடியம் அதற்காகத்தான். கேன்வாஸைத் தரையில் படுக்கவைத்து, பின்பக்கம் சட்டத்துக்கு நடுவே துணியைத் தாங்கும்படி தெர்மோகோல் பலகை கொடுங்கள். கொடுக்காவிட்டால் தண்ணீரின் பாரத்தில் துணி நடுவில் தொய்ந்து குளம் கட்டி, காய்ந்ததும் வட்டக் கறை விழும். நீரைத் தெளித்து ஈரமாக்கி, நிறத்தை உருவத்தின் ஊடாக ஊற்ற வேண்டும். சுற்றி ஊற்றினால் பழைய ஒட்டுவேலைக்கே திரும்பிவிடுவோம். பத்து நிமிடம் சாய்த்துச் சாய்த்து ஓடவிட்டு, பிறகு தொடாமல் ஒரு இரவு.

மறுநாள்தான் முக்கியமான வேலை. உருவத்தின் உள்ளே எதையும் வரைவதில்லை. வெளியிலிருந்து அடர்த்தியான நிறத்தைக் கொண்டுவந்து விளிம்பில் நிறுத்தி, ஆளை வெட்டி எடுப்பது. முதுகின் வளைவை முதுகுக்கு அப்பால் இருக்கும் சாம்பல் பச்சை வரைந்து தரும். ஊற்றிய நிறம் அப்படியே உள்ளே தங்கித் தோலாகும், வியர்வையாகும். நான்கு விரற்கடை அகலத் தட்டைத் தூரிகைதான் இதற்கு. சின்னத் தூரிகையை எடுத்தால் கை தானாக விளிம்பு பூராவும் ஓடி ஓரம் கட்டிவிடும்.

சேந்தாந்த்ரே, ரீயூனியன்

அக்கா சொன்ன முறை அருமை. ஆனால் நம் தீவுகளில் இதைச் செய்யும்போது முதல் எதிரி காற்றின் ஈரம். ஜனவரி முதல் மார்ச் வரை மழையும் புயலும் சேர்ந்த நாட்களில் துணி தொய்யும், வெயில் வந்தால் இறுகும். பழைய முறைப்படி முயல்தோல் பசை பூசிய கேன்வாஸ் இங்கே வேண்டாம். அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சி விரிந்து சுருங்கிக்கொண்டே இருப்பதால் மேலிருக்கும் எண்ணெய் வண்ணம் வெடிக்கும். அக்ரிலிக் ஜெஸ்ஸோ, அதாவது வெள்ளை அடிப்பூச்சு, மூன்று பூச்சு போதும். முதல் பூச்சில் பத்துக்கு ஒன்று தண்ணீர் சேர்த்துத் துணிக்குள் இறங்கவிடுங்கள், மற்ற இரண்டும் கெட்டியாக. ஒன்றைக் குறுக்கே, அடுத்ததை நெடுக்கே. நடுவே 220 எண் மணல்தாளால் ஒரு தேய்ப்பு. ஊற்றும் வேலை இருப்பதால் கடைசிப் பூச்சை வழுவழுப்பாக்க வேண்டாம். வழுக்கினால் நிறம் பிடிப்பில்லாமல் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

ஊற்றியதன் மேல் எண்ணெய் வண்ணம் போடுவதாக இருந்தால் மழைக்காலத்தில் மூன்று நாள் பொறுங்கள். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே தண்ணீர் இருக்கும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் போடலாம், எண்ணெயின் மேல் அக்ரிலிக் கூடவே கூடாது; உரிந்து வரும். எண்ணெயிலும் முதல் பூச்சு டர்பன்டைன் கலந்த மெலிவு, மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூட வேண்டும். தலைகீழாகச் செய்தால் அடியில் இருப்பது மெதுவாகக் காய்ந்து, மேல்தோலைக் கிழிக்கும்.

சட்டத்தின் மூலைகளில் செருகும் மர ஆப்புகளை முதலிலேயே அடித்து முடுக்கிவிடாதீர்கள். வெயில் நாளில் துணி தானாக இறுகுமா என்று பார்த்துவிட்டு, அப்போதும் தொய்வு இருந்தால் மட்டும் லேசாகத் தட்டலாம்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

நிறம் பற்றிச் சொல்கிறேன். மொரிஷியஸ் காவடி என்றாலே அந்த அடர் ரோஜா நிறத் துணி. எல்லோரும் சறுக்குவது அதில்தான். மெஜந்தாவோடு வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி செத்த நிறம் வரும். அந்த இடத்தை முதலில் டைட்டானியம் வெள்ளையால் தடிப்பாகப் போட்டு, நன்றாகக் காய்ந்தபின் மேலே குவினாக்ரிடோன் மெஜந்தாவை, குழாயில் நிறமி எண் பி.ஆர். 122 என்று இருக்கும், மீடியத்தில் கலந்து கண்ணாடித் தாள் போல மெல்லியதாக இழுங்கள். வெளிச்சம் உள்ளே போய் வெள்ளையில் பட்டுத் திரும்பும், துணி எரிவது போல இருக்கும். இரண்டு பூச்சுக்கு மேல் வேண்டாம். ஒளிரும் ரோஜா என்று விற்கும் மலிவுக் குழாய்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பழைய அலிசரின் கிரிம்சனும், அதாவது பி.ஆர். 83, அப்படித்தான்.

தாலோ நீலம் தீக்குச்சித் தலையளவு போதும். அதற்கு மேல் போனால் படம் முழுக்க அதே நீலம்தான். கறுப்புக்குக் குழாய்க் கறுப்பு எடுக்காமல் அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து பாருங்கள். நீலம் தூக்கலாக ஒரு கலவை, பழுப்பு தூக்கலாக ஒரு கலவை. முதலாவது ஊற்றிய பரப்பில் பின்வாங்கும், இரண்டாவது உடம்பின் நிழலில் முன்னால் வரும்.

விளிம்புக்கு ஒரு கணக்கு: உருவத்தின் சுற்றுக்கோட்டில் மூன்றில் ஒரு பங்கு கூராக, ஒரு பங்கு மெத்தென்று, ஒரு பங்கு அறவே காணாமல். காணாமல் போக வேண்டிய இடத்தை நாம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுப்பதில்லை. உடம்பின் வெளிச்சமும் பின்னால் உள்ள பரப்பின் வெளிச்சமும் சமமாக இருக்கும் இடத்தில் விளிம்பு தானே கரையக் காத்திருக்கும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அல்லது கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். சாம்பல் ஒன்றாகிவிட்ட இடங்களில் மட்டும் வண்ணம் பரப்பும் கத்தியால் விளிம்பை இழுத்துவிடலாம். மற்ற இடத்தில் இழுத்தால் அது கரைசலாகத் தெரியாது, அழுக்காகத் தெரியும்.

இங்கே தீமிதிப்பை வரைபவர்களுக்கும் இதே கணக்குதான். குழியின் தணல் மொத்தமாக அருவப் பரப்பு, ஊன்றிய பாதம் ஒன்றே கூர்.

போர்ட் லூயிஸ்

ஒரு சந்தேகம். அம்பர் கோட்டுக்கு வெளியே மிஞ்சிய கரித்தடம், நிறத்தை ஊற்றியதும் கரைந்து எல்லாம் புகைமூட்டமாகிவிடுகிறது. கரியை ஒட்டவைக்கும் ஃபிக்சேட்டிவ் தெளிப்பை அடிக்கலாமா?

கத்ர் போர்ன்

அடிக்கலாம் தம்பி. ஆனால் கனமாக அடித்தால் அந்த இடத்தில் நிறம் ஒட்டாமல் திட்டுத்திட்டாக விலகும். அதற்குப் பதில் மேட் மீடியம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, மெல்லிய தெளிப்பானால் ஒரே ஒரு சுற்று. தூரிகையால் தடவினால் கரி இழுபடும். கரியைத் தட்டி உதறும் வேலையை இன்னும் கொஞ்சம் தாராளமாகச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரிகிற தடத்தில் பாதி, துணியில் ஒட்டாத வெறும் தூள்தான்.

மஹேபூர்

மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. மொரிஷியஸின் ஷமரெல் ஊரில் உள்ள ஏழு நிற மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எரிமலைப் பாறையான பசால்ட் சிதைந்து களிமண்ணாகி, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளால் சிவப்பு, பழுப்பு, ஊதா என்று பிரிந்து நிற்கிறது. அந்த இடம் வேலிக்குள் இருக்கிறது, அங்கிருந்து ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. ஆனால் அதே குடும்பத்துச் செம்மண் வீட்டுத் தோட்டத்திலேயே கிடைக்கும்.

மேல்மண்ணை ஒரு சாண் ஒதுக்கிவிட்டு அடியில் எடுங்கள், இலைமக்கு குறைவாக இருக்கும். நூறு கிராம் மண்ணை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி அரை நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். கலங்கல் தண்ணீரை மல் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு இரவு தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டிவிடுங்கள். கடலோரத்து மண்ணானால் நல்ல தண்ணீர் ஊற்றி மூன்று முறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். உப்பு தங்கினால் சில மாதத்தில் படத்தின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் போலப் பூத்து வரும். அடியில் நிற்கும் குழம்பைத் தட்டில் பரப்பி உலர்த்தி, அம்மியில் அரைக்கலாம். சமையலுக்கு எடுக்கும் அம்மி வேண்டாம். அரைக்கும்போது மூக்குக் கவசம் அவசியம்.

பொடிக்குச் சம அளவு மேட் மீடியம் என்று தொடங்கிப் பாருங்கள். காய்ந்த பூச்சை விரலால் தேய்த்து, பொடி ஒட்டினால் மீடியம் போதவில்லை. இந்த மண்நிறத்தை ஊற்றும் கலவையில் சேர்த்தால் அழகான ஒன்று நடக்கும்: கனமான துகள்கள் முதலில் தங்கி, மெல்லியவை தூரம் ஓடி, பாரக்கோட்டின் ஓரமாக ஆற்றுப்படுகை போல வரி விழும். முதுகுத்தண்டின் பள்ளத்துக்கு அதைவிடப் பொருத்தமான தோல் எந்தக் குழாயிலும் இல்லை. விரலி மஞ்சளை இதே மாதிரி முயலாதீர்கள். மங்களகரமான நிறம்தான், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். மஞ்சள் ஓக்கர் போதும்.

ரோஸ் ஹில்

யாரைப் பார்த்துப் பழகுவது என்று கேட்பவர்களுக்கு. கே. எம். ஆதிமூலம் (1938–2008) காந்தியை வரைந்த கோட்டுச் சித்திரங்களையும், பிற்காலத்தில் கத்தியால் நிறத்தைப் பரப்பிச் செய்த அருவ ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடு போய்விட்டது, ஆனால் கையின் திசை போகவில்லை. சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் தொடங்கிவைத்த கே. சி. எஸ். பணிக்கர் எழுத்தையும் குறியீட்டையும் பரப்பாக்கிய விதம் வேறொரு பாடம். பிரான்ஸில் நிக்கோலா த ஸ்தேல் 1952இல் ஓர் இரவுக் கால்பந்தாட்டம் பார்த்துவிட்டு வரைந்த ஆட்டக்காரர்கள் வெறும் நிறக்கட்டிகள்தான்; ஆனால் கால் மடங்கும் கோணம் சரியாக இருப்பதால் ஓடுகிறார்கள். முதல் பதிவில் அக்கா சொன்ன பாரக்கோடு இதுவேதான். சைவர்கள் லிங்கத்தை அருவுருவம், அதாவது அருவமும் உருவமும் சேர்ந்தது, என்போம். அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்த்தால் நிறையப் பிடிபடும்.

எண்ணெயில் வேலை செய்து நிறம் சேறாகிவிட்டால் துடைக்காதீர்கள். செய்தித்தாளை விரித்துவைத்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி உரித்தால் மிஞ்சிய வண்ணம் தாளோடு வரும், அடியிலுள்ள வரைவு நிற்கும். லண்டன் ஸ்லேட் பள்ளியில் கற்பித்த ஹென்றி டாங்க்ஸின் பெயரால் இதை டாங்கிங் என்பார்கள். பூச்சு ஈரமாக இருக்கிற அன்றைக்கே செய்துவிட வேண்டும், மறுநாள் பலிக்காது. மூன்று பிடி இடங்களையும் அழுத்தலில் சேர்க்காமல் தாளைக் கிழித்து விலக்கிக்கொள்ளுங்கள்.

சேந்தாந்த்ரே, ரீயூனியன்

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அதுவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடித் தகரத்தில்.

முடிந்த படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை வரும். நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, காற்று போக இடம் விட வேண்டும். ஏற்கெனவே பூஞ்சை பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைப்பதுதான் பலர் செய்யும் தவறு. நூலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் நன்றாக உலரவிட்டு, வாசலில் வைத்து, மூக்குக் கவசம் போட்டு, மென்மையான தூரிகையால் பின்பக்கம் மட்டும் தட்டிவிடுங்கள். சாராயம் கலந்த திரவம் எதையும் அக்ரிலிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இளகிவிடும். வார்னிஷ் எண்ணெய்ப் படத்துக்கு ஆறு மாதமாவது பொறுத்து. தடித்த மெஜந்தா, வெள்ளைத் திட்டுகள் இருந்தால் ஒரு வருடம்.