நாட்டு நாய் வளர்க்கிறவங்க கவனத்துக்கு: ஆட்சேபனை மனு எழுத உதவி வேணும்

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்க தோட்டம். மாந்தோப்புக் காவலுக்கு ரெண்டு சிப்பிப்பாறை பொட்டை நாய் வச்சிருக்கோம். குட்டி போட்டா ஒன்னை வச்சுக்கிட்டு மீதியை ஆட்டுப்பட்டிக்காரங்களுக்குக் கொடுப்போம். தீனிச் செலவுக்குக் கொஞ்சம் காசு வாங்குவோம், அவ்வளவுதான்.

ஆனா நாய் இனவிருத்தி, விற்பனைக்கான 2017 மத்திய விதிகள்படி குட்டி விற்கிற நாங்களும் பெரிய பண்ணைக்காரரும் ஒன்னு. மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு, 5,000 ரூபாய் கட்டணம், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். பதிவேடு, மைக்ரோசிப் (நாய் தோலுக்கு அடியில வைக்கிற அடையாளச் சில்லு), கூண்டுக்கு அளவுக் கணக்கு வேற. எங்க நாய்க்குக் கூண்டே கிடையாது. போன ஈத்துக்கு வைக்கோல் போர் அடியில தானே பள்ளம் பறிச்சு, கண் திறக்காத குட்டிங்களை வயித்தோட அணைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. கிட்ட போனா உறுமல். அந்த இடத்தை ஆய்வுக்கு வர்றவருக்கு என்னன்னு காட்டறது?

எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டியை விற்கக்கூடாது, 18 மாசம் ஆகாத நாயை இனவிருத்திக்கு விடக்கூடாது என்பதெல்லாம் சரியான விதி. அதை எதிர்க்கலை. ஒன்னு ரெண்டு நாய் வச்சிருக்கிற வீடுகளுக்குக் கட்டணமும் கூண்டுக் கணக்கும் வேணாம்னுதான் கேக்கறோம். சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் இந்த மாதிரி வீடுகள்லதான் இத்தனை நாள் பிழைச்சிருக்கு.

திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர்கிட்ட மனு கொடுக்கணும். சட்டம் தெரிஞ்சவங்க வாசகம் எழுதித் தாங்க. ஏற்கனவே பதிவு பண்ணவங்க என்னென்ன கேட்டாங்கன்னு சொல்லுங்க. தருமபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கம் கையெழுத்துப் போட வர்றவங்க இங்கயே பேரு போடுங்க.