நம்ம லயத்துக் குழு: தொள்ளாயிரத்து நாலு

வெள்ளிக்கிழமை

கோடி வீட்டுத் தங்கச்சி, இரவு 8.41
சுங்கை சிப்புட் பக்கம் மூன்றாம் ஆண்டுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், என்னால் முடியவில்லை. ஒரு மணி நேரமாக ஒரே கழித்தல் கணக்கு, மகனும் அழுகிறான், நானும் கிட்டத்தட்ட அழுகிறேன், அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம். பள்ளியில் கொடுத்த அறிக்கையில் ஆறு நிலையில் 3 என்று போட்டிருக்கிறது. ஆறாம் ஆண்டில் யூபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வு இருந்தவரை எங்கே நிற்கிறோம் என்றாவது தெரியும், அதையும் 2021இல் எடுத்துவிட்டார்கள், இந்த 3 நல்லதா கெட்டதா என்றே புரியவில்லை.

கடை அண்ணி, 8.43
பருப்பை வேறு சட்டிக்கு மாற்று. அடியைச் சுரண்டாதே.

லோரி அண்ணன், 8.44
நேற்று என் லோரியின் டயரை எண்ணி, மேலே கட்டியிருந்த ஸ்பேரையும் சேர்த்துச் சொன்ன பையன் அவன். அவனுக்கா கணக்கு வராது?

பெரிய டீச்சர், 8.46
டியூஷன் இருக்கட்டும்மா. அவன் எழுதிய தாளைப் படம் எடுத்துப் போடு. அழித்துவிட்டு எடுக்காதே, எழுதினது எழுதினபடி.

கோடி வீட்டுத் தங்கச்சி, 8.50
[படம்]
பாருங்கள் டீச்சர். நான் சொன்ன கணக்கு, தொள்ளாயிரத்து நாலிலிருந்து முந்நூற்று எழுபத்தாறைக் கழி. விடை 528. இவன் 8,628 என்று எழுதி வைத்திருக்கிறான். தொள்ளாயிரத்தில் கழித்தால் எட்டாயிரம் எப்படிடா வரும் என்று கேட்டால் முழிக்கிறான், நானும் கத்திவிட்டேன்.

பெரிய டீச்சர், 8.52
மேல் வரியைப் பார். அவன் 904 எழுதவே இல்லை, 9004 எழுதியிருக்கிறான். 9004இல் 376 போனால் எவ்வளவு?

கோடி வீட்டுத் தங்கச்சி, 8.54
8,628

கோடி வீட்டுத் தங்கச்சி, 8.54
ஐயோ

பெரிய டீச்சர், 8.58
நடுவில் இரண்டு சுழியம் உள்ள எண்ணில் கடன் வாங்குவது இந்த வயதுக்குச் சாதாரண வேலை இல்லை. ஒன்றுக்குக் கடன் கேட்டால் பத்திடம் இல்லை, பத்து போய் நூறிடம் கேட்டால் அங்கேயும் இல்லை, ஆயிரம் வரைக்கும் போக வேண்டும். ஒன்பதை அடித்து எட்டாக்கி, இரண்டு சுழியத்தையும் ஒன்பதாக்கி, கடைசி நாலைப் பதினாலாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் குட்டியாக எழுதியிருக்கிறான் பார். எல்லாம் சரி. நீ கொடுத்த கணக்கைவிடக் கஷ்டமான கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறான்.

கிராணி தாத்தா, 9.03
பழியைத் தமிழ் மேல் போடுங்கள், பிள்ளை மேல் வேண்டாம். எழுநூறு, எண்ணூறு என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், அடுத்து ஒன்பது நூறு வர வேண்டிய இடத்தில் தொள்ளாயிரம் என்று ஆயிரத்தின் சத்தம் வந்து உட்காரும். தொண்ணூறும் அப்படித்தான், எண்பதுக்கு அப்புறம் திடீரென்று நூறு சத்தம் கேட்கும். பழைய தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு சொல் இருந்தது, அதெல்லாம் பெரியவர்களுக்குச் சுவாரசியம், பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது. என் தம்பி தோட்டத்துப் பள்ளியில் தொண்ணூற்று ஆறை 106 என்று எழுதிப் பிரம்படி வாங்கியவன். காரணம் இதுதான் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கோடி வீட்டுத் தங்கச்சி, 9.10
அவன் அப்பா இப்போதுதான் வேலை முடிந்து வந்தார். மலாயில் செம்பிலான் ராத்துஸ் எம்பாட் எழுதுடா என்றார், ஒரே நொடியில் 904!!

லோரி அண்ணன், 9.11
அப்போ மலாயிலேயே சொல்லிக் கொடுத்துவிட வேண்டியதுதானே, வேலை முடிந்தது.

கோடி வீட்டுத் தங்கச்சி, 9.16
எங்கள் வீட்டுக் கணக்கு ஏற்கனவே மூன்று மொழியில் ஓடுகிறது அண்ணே. நான் தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்து 2003இல் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 போனேன், அந்த வருஷம்தான் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், எனக்கு அதிலிருந்து எல்லாம் பிராக்ஷன், டெசிமல். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர், இடைநிலைப்பள்ளியில் முழுக்க மலாய், பெச்சாஹான், பெர்ப்புலுஹான் என்பார். பையன் பின்னம் என்கிறான், தசமம் என்கிறான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். நான் ஜீரோ, அவர் கோசோங், இவன் "சுழியம்மா" என்று திருத்துகிறான்.

பெரிய டீச்சர், 9.24
திருத்தட்டும், அதுதான் வேண்டும். தெரியாத வார்த்தை வந்தால் "இதுக்கு உங்க பள்ளியில் என்ன பேருடா" என்று அவனிடமே கேளுங்கள், அவன் உங்களுக்கு விளக்கும்போதே பாதி தெளிந்துவிடும். மலாயில் சொல்லிச் சரிபார்ப்பது தப்பில்லை. ஆனால் வகுப்பில் ஆசிரியர் வாயால் தொள்ளாயிரம் என்றுதானே சொல்வார், அந்தச் சத்தத்துக்குக் காது பழக வேண்டும். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டி காலியானது இருக்கிறதா? அட்டையை வெட்டு. ஒரு இலக்கத்துக்கு ஒரு கட்டம், எல்லாக் கட்டமும் ஒரே அகலம். 9000க்கு நாலு கட்ட நீளம், 900க்கு மூன்று, 90க்கு இரண்டு, 4க்கு ஒன்று. நீ எண்ணைச் சொல், அவன் அட்டையை எடுக்கட்டும். 900 அட்டையின் மேல் வலது ஓரமாக 4ஐ வைத்தால் கடைசிச் சுழியம் மறைந்து 904 ஆகிவிடும். தப்பாக 9000 அட்டையை எடுத்தால் நீளமே காட்டிக் கொடுக்கும், நீ வாயைத் திறக்க வேண்டியதில்லை. பத்து நிமிஷம் போதும். அப்புறம் அட்டையை எடுத்து வைத்துவிடு, அவன் கேட்டால்கூட.

லோரி அண்ணன், 9.31
டீச்சர் எனக்கும் ஒரு சந்தேகம். ஆலையில் செம்பனைக் குலையோடு லோரியை எடை போடுவார்கள், கொட்டிவிட்டு வெறும் லோரியை எடை போடுவார்கள். இன்றைக்கு 9,240 கிலோ, வெறும் வண்டி 3,860. நான் கடனெல்லாம் வாங்குவதில்லை, 3,860லிருந்து 4,000க்கு 140, அங்கேயிருந்து 9,240க்கு 5,240, ஆக 5,380 கிலோ. சீட்டு வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். இது தப்பான முறையா?

பெரிய டீச்சர், 9.34
தப்பே இல்லை, நல்ல முறை. ஆனால் அவன் வீட்டுப்பாடத்தோடு போராடுகிற அதே ராத்திரியில் போய் "அதை விடுடா, மாமா மாதிரி போடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். தாளில் பள்ளி முறை. விடை சரியா என்று பார்க்க உங்கள் முறை.

மூன்றாம் நிரை அக்கா, 9.35
[இனிய இரவு வணக்கம் 🌹]

பயிற்சி டீச்சர் பாப்பா, 9.41
நாங்கள் ஆசிரியர் கல்விக் கழகத்தில் பேசிய ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2015இல் வந்தது, அமெரிக்காவில் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்தது, சியான் பைலாக் என்ற உளவியலாளர் இருந்த குழு. கணக்கென்றாலே பதறுகிற பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய பிள்ளைகள் அந்த வருஷம் கணக்கில் குறைவாகத்தான் கற்றார்கள், அவர்களுக்கும் பயம் கூடியது. அதே மாதிரி பதறுகிற பெற்றோர், ஆனால் அவ்வளவாக உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை.

கோடி வீட்டுத் தங்கச்சி, 9.43
அப்போ நான் ஒதுங்கிக்கொண்டால் பிள்ளைக்கு நல்லது என்கிறாயா பாப்பா. "எனக்கும் கணக்கு வராதுடா" என்று அவன் முன்னாலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

பயிற்சி டீச்சர் பாப்பா, 9.44
இல்லைக்கா நான் அப்படிச் சொல்ல வரவில்லை, மன்னிச்சுக்குங்க.

கிராணி தாத்தா, 9.45
பாப்பா எப்போதும் இப்படித்தான், மருந்தைக் கொடுக்கும் முன்னால் நோயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவாள்.

கடை அண்ணி, 9.52
தங்கச்சி, நாளைக் காலை அவனைக் கடைக்கு அனுப்பு, நீ வராதே. ஒரு காசை 2008 ஏப்ரலிலிருந்து கழித்துக் கட்டிவிட்டார்களே, ஆனால் வெங்காயம், கிழங்கெல்லாம் நிறுத்துப் போட்டால் கூட்டுத்தொகை 12 வெள்ளி 43 காசு என்றுதான் வந்து நிற்கும். அதை 45 ஆக்க வேண்டும், 42 என்றால் 40. ஒன்று இரண்டு என்றால் கீழே, மூன்று நாலு என்றால் ஐந்துக்கு, ஆறு ஏழு ஐந்துக்கு இறங்கும், எட்டு ஒன்பது மேலே பத்துக்கு. ஒவ்வொரு சாமானுக்கும் இல்லை, மொத்தத்துக்குத்தான், அதுவும் ரொக்கம் கொடுத்தால் மட்டும், கார்டு என்றால் உள்ளது உள்ளபடி. பெரிய ஆட்களே இதில் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். பையன் கல்லாப் பக்கத்தில் நின்று சொல்லட்டும், சரியாகச் சொன்னால் ஐஸ் என் கணக்கு.

கோடி வீட்டுத் தங்கச்சி, 9.54
சரி அண்ணி. ஒரு ஐஸ்தான், இருமல் இருக்கிறது.

சனிக்கிழமை

கடை அண்ணி, காலை 11.20
இரண்டு ஐஸ். மீனாட்கள் வந்த நேரத்தில் நான் 28ஐ 25 ஆக்கிவிட்டேன், பிடித்துவிட்டான், அதனால் ஒன்று அபராதம்.

கோடி வீட்டுத் தங்கச்சி, இரவு 8.15
டீச்சர், அட்டை வெட்டினோம். ஏழெட்டு எண் போனதும் அவன் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவன் அப்பாவை உட்கார வைத்தான். இனிமேல் அவன்தான் சொல்வானாம், அப்பா தாளில் எழுத வேண்டுமாம். முதல் எண்ணே தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், இதுவரை ஆறு ஒன்பது.

லோரி அண்ணன், 8.16
ஒன்று அதிகம் என்று சொல்லிவிடாதே.