பொருள்: ‘வெடிப்புச் சோதனை’ வேண்டாம், ‘உடைப்புச் சோதனை’ ஆகட்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மியூவான் குளிர்விப்புக் கட்டுரையின் தமிழ் வரைவை முழுக்கப் படித்தேன். (மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள். பரந்து கிடக்கும் மியூவான் கற்றையை ஒடுக்குவதுதான் குளிர்விப்பு.) நன்றாக வந்திருக்கிறது. ஒரு சொல்லை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். ஒரு தகடோ கலனோ அழுத்தம் தாங்காமல் விட்டுப்போகும் வரை ஏற்றிப் பார்க்கும் ‘பர்ஸ்ட் டெஸ்ட்’ என்பதற்கு ‘வெடிப்புச் சோதனை’ என்று போட்டிருக்கிறீர்கள். வேறு இடமாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் விடக்கூடாது.

இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வகத்தில் நடந்த மைஸ் (MICE) என்ற மியூவான் குளிர்விப்பு ஆய்வில், மியூவான் கற்றை 35 செ.மீ. நீளத்துக்குத் திரவ ஹைட்ரஜனுக்குள் புகுந்து வெளியே வந்தது. கலத்தில் சுமார் 22 லிட்டர். கற்றை நுழையவும் வெளியேறவும் அலுமினியச் சாளரங்கள் உண்டு. நடுப்பகுதியில் அவற்றின் தடிமன் 0.18 மி.மீ.தான். தகடு தடித்தால் மியூவான்கள் அலுமினியத்திலேயே சிதறிவிடும், குளிர்வித்ததன் பலன் குறையும். அதனால் மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். அதற்கு ஒரு பக்கம் 20 கெல்வின் (சுமார் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ்) அளவில் ஹைட்ரஜன், மறுபக்கம் வெற்றிடம், அதற்கும் வெளியே இன்னொரு காப்புச் சாளரம்.

இவ்வளவு மெல்லிய தகட்டை எதை வைத்து நம்புவது? அதே வடிவில் கடைந்த தகடுகள் சிலவற்றை, உடையும் வரை அழுத்தம் ஏற்றிப் பார்க்கிறார்கள். அறை வெப்பநிலையிலும் பார்க்கிறார்கள், திரவ நைட்ரஜன் குளிரிலும் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் ஹைட்ரஜனே கிடையாது, தீயும் கிடையாது. அதற்குப் போய் ‘வெடிப்பு’ என்று பெயர் வைக்கலாமா?

கும்மிடிப்பூண்டியில் அழுத்தக் கலன்களுக்கு ஹைட்ரோ டெஸ்ட் பார்ப்பதுதான் என் வேலை. கலனில் தண்ணீரை நிரப்பி, மேலே தங்கிய காற்றை முழுக்க வெளியேற்றி, கைப்பம்பை அடித்தபடி கேஜைப் பார்ப்போம். முள் மெல்ல ஏறும். வெல்டிங் எங்காவது விட்டுக்கொடுத்தால் முள் சட்டென்று விழும், காலடியில் தண்ணீர் ஓடும். அவ்வளவுதான். காற்றை அடைத்து இதையே செய்தால் கதை வேறு. அமுங்கிய காற்று ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும், உடையும்போது துண்டுகளை வீசி எறியும். அதனால்தான் தண்ணீரால் முடிகிற இடத்தில் காற்றைத் தொடமாட்டோம்.

1965 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் எலக்ட்ரான் முடுக்கி நிலையத்தில், திரவ ஹைட்ரஜன் குமிழிக் கலத்தின் (துகள்கள் போன தடத்தைக் குமிழிகளாகக் காட்டும் கலம்) பெரிலியம் சாளரம் விட்டுப்போனது. அது உடைப்பு. வெளியே பாய்ந்த ஹைட்ரஜன் காற்றோடு கலந்து தீப்பற்றியது. அது வெடிப்பு. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், எது முதலில் நடந்தது, எதை எங்கே தடுத்திருக்கலாம் என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுத முடியாது. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், மிகச் சிறிய பொறி போதும். சாளரம் உடைந்தாலும் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வடிவமைப்பின் உயிர்நாடி.

சரி, ‘உடைப்பு’ ஏன்? சூலூர்பேட்டைப் பக்கம் மழைக்காலத்தில் “ஏரி உடைப்பெடுத்துக்கிச்சு” என்கிறோம். உள்ளே தேங்கிய நீரின் அழுத்தத்தைக் கரை தாங்காமல் விட்டுக்கொடுப்பதுதான் உடைப்பு. தகட்டுக்கு நேர்வதும் இதுவே. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களும் குழாய் உடைந்தால் ‘பகிலிந்தி’ என்பார்கள், குண்டு வெடித்தால்தான் ‘பேலுடு’.

அப்புறம், கற்றை புகுந்து வரும் ஹைட்ரஜன் கலத்துக்கு (‘அப்சார்பர்’) வைத்த ‘உறிஞ்சி’ என்ற சொல் பற்றி ஒரு வரி. இந்த ஹைட்ரஜன் மியூவானை உறிஞ்சுவதில்லை. சுமார் 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறது. ‘ஆற்றல்வாங்கி’ எப்படி இருக்கிறது? ‘தணிப்பான்’ வேண்டாம். அது அணு உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் ‘மாடரேட்டர்’க்குப் போய்விட்டது.

———

இதற்குச் சித்தூரிலிருந்து வந்த மறுமொழி:

அய்யா, உங்கள் வாதம் புரிகிறது. ஆனால் டயரும் பலூனும் ‘வெடித்தது’ என்றுதானே எல்லாரும் பேசுகிறோம்? மக்கள் வழக்கை மீறிச் சொல் செய்தால் நிற்குமா? ‘ஆற்றல்வாங்கி’ எனக்குப் பிடித்திருக்கிறது.

———

அம்மா, வணக்கம். பேச்சில் டயர் வெடிக்கட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. நான் கேட்பது பாதுகாப்புக் குறிப்புகளுக்கு மட்டும். ஸ்ரீஹரிக்கோட்டாவுக்குப் போகும் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. திரவ ஹைட்ரஜன் டேங்கரில் எழுதியிருப்பதைப் படித்துப் பொருள் கேட்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அழுத்தம் மிஞ்சினால் முதலில் விட்டுக்கொடுத்து, வாயுவைப் போக்குக்குழாய்க்கு அனுப்பும் மெல்லிய தகட்டை ‘வெடிப்புத் தகடு’ என்று எழுதினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? காப்பாற்ற வைத்த பொருளையே குண்டு என்று நினைத்துவிடுவார்கள். ‘உடைப்புத் தகடு’ என்றால் அதன் வேலை பெயரிலேயே இருக்கிறது. ‘உடைப்பழுத்தம்’, ‘உடைப்புச் சோதனை’ இரண்டும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

வரைவின் வாக்கியத்தை இப்படி மாற்றலாம்: “சாளரங்களின் உடைப்பழுத்தம், கலம் இயங்கும் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும், உடைப்புச் சோதனையில் தேறிய வடிவத்தையே ஹைட்ரஜன் கலத்தில் பொருத்துவார்கள்.” மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் சொற்பட்டியலில் இந்த மூன்றையும் ஏற்றிவிடலாம்.