லீஸ் 80 ஆண்டை நெருங்குகிறது: இப்போதே நீட்டிப்பதா, புதிய சட்டத்துக்குக் காத்திருப்பதா?

இல்ஃபோர்டு வாசி:
வணக்கம். கிழக்கு லண்டனில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், 99 ஆண்டு லீஸ் (நிலம் ஃப்ரீஹோல்டருடையது, ஃப்ளாட் அந்தக் காலத்துக்கு மட்டும் எனக்கு). பத்திரத் தேதியிலிருந்து எண்ணினால் இன்னும் 80 ஆண்டும் 7 மாதமும் இருக்கிறது. கிரவுண்ட் ரெண்ட் (அவருக்குக் கட்டும் நில வாடகை) வருடத்துக்கு 150 பவுண்டு, ஏறாது. நீளமான லீஸோடு விற்றால் 3 லட்சம் பவுண்டு போகும் என்கிறார் ஏஜென்ட். ஃப்ரீஹோல்டரிடம் விசாரித்ததற்கு, சட்டப்படி நீட்டிக்கக் கேட்கும் நோட்டீஸ் எதுவும் வேண்டாம், 11,000 பவுண்டு கட்டினால் லீஸை 125 ஆண்டாக்கித் தருகிறோம், கிரவுண்ட் ரெண்ட் இப்போதுள்ளபடி தொடரும் என்று மின்னஞ்சல் வந்தது. 2024-இன் லீஸ் சீர்திருத்தச் சட்டம் முழுதாக வந்தால் 990 ஆண்டு கிடைக்கும், மேரேஜ் வேல்யூவும் (லீஸை நீட்டுவதால் கூடும் மதிப்பு, அதில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு) போய்விடும், பொறுத்திரு என்கிறார்கள் நண்பர்கள். எதைச் செய்வது?

தேவகி:
முதலில் அந்த 7 மாதக் கணக்கைச் சரிபாருங்கள். பத்திரத்தில் கையெழுத்தான தேதி வேறு, லீஸ் காலம் தொடங்கும் தேதி வேறு. கட்டடம் முழுவதற்கும் ஒரே தொடக்க நாளை வைத்துவிட்டு, ஃப்ளாட்டுகளை ஒவ்வொன்றாகப் பின்னால் விற்பார்கள். அதனால் பத்திரம் நவம்பரில் எழுதப்பட்டிருந்தாலும் உள்ளே "மார்ச் 25 முதல் 99 ஆண்டு" என்றிருக்கும். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் ஃப்ளாட்டின் பதிவேட்டை எடுங்கள், 7 பவுண்டுதான். அதில் லீஸ் தேதிக்குக் கீழே காலம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அப்படியே ஃப்ரீஹோல்டின் பதிவேட்டையும் எடுத்துவிடுங்கள். கிரவுண்ட் ரெண்ட் வசூலிப்பவர் வெறும் மேனேஜிங் ஏஜென்டாக இருக்கலாம், நடுவில் ஒரு ஹெட் லீஸ் (கட்டடம் முழுவதையும் வேறொருவர் லீஸுக்கு எடுத்திருப்பது) இருக்கலாம். ஆள் மாறி நோட்டீஸ் போனால் அது செல்லாது. உங்களுக்கு வீணாக்க நாள் இல்லை.

கணக்கர்:
காத்திருப்பதைப் பற்றி. 2024 சட்டத்தில் இரண்டு ஆண்டு உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 அன்று நீங்கியது. 990 ஆண்டும் புதிய விலைக் கணக்கும் இதை எழுதும் வரை நடைமுறைக்கு வரவில்லை. ஃப்ரீஹோல்டர்கள் தொடுத்த வழக்கை 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது உண்மைதான். ஆனால் கணக்கில் போட வேண்டிய வட்டி விகிதங்களை அரசு இன்னும் தனியாக அறிவிக்க வேண்டும்.

அது வந்தாலும் உங்களுக்கு என்ன மிச்சம்? 80 ஆண்டுக்கு மேல் மீதி இருந்தால் மேரேஜ் வேல்யூ இன்றைக்கும் கிடையாது. கணக்கில் கிரவுண்ட் ரெண்டுக்கு வைக்கப்போகும் உச்சவரம்பு வீட்டு மதிப்பில் 0.1%, அதாவது 300 பவுண்டு. நீங்கள் கட்டுவது 150. ஆகவே அதிலும் பயனில்லை. இன்றைய சட்டத்தில் 90 கூடி வரும் 170 ஆண்டு, 990 கூடி 1,070 ஆவது ஒன்றுதான் மிச்சம். அதற்காக 80-ஐத் தாண்டி இறங்கினால் என்னவாகும் என்று பாருங்கள்.

மீதி 80 ஆண்டு என்றே வைத்துப் போடுகிறேன். 80 ஆண்டு கழித்து ஃப்ரீஹோல்டருக்குத் திரும்பிவரும் 3 லட்சத்தின் இன்றைய மதிப்பு, வழக்கமான 5% வீதத்தில், 6,053 பவுண்டு. நீட்டித்த பிறகு அவர் கையில் மிஞ்சுவது 75. அவருக்கு நஷ்டம் 5,978. 150 பவுண்டு கிரவுண்ட் ரெண்டை 6.5 சதவீதத்தில் மூலதனமாக்கினால் (இனி வரும் ரெண்டெல்லாம் இன்றைய ஒரே தொகையாக) 2,293. ஆக, 80-க்கு ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பிரீமியம் (நீட்டிப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை) சுமார் 8,270 பவுண்டு.

80 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேரேஜ் வேல்யூவில் பாதியும் சேரும். இப்போதைய குறுகிய லீஸின் மதிப்பு, முழு மதிப்பில் 94% என்று எடுத்தால் அந்தப் பாதி 4,865. மொத்தம் 13,100-ஐத் தாண்டும். அந்த 94% சர்வேயர்கள் (மதிப்பீட்டாளர்கள்) மோதிக்கொள்ளும் இடம். ஒரு சதவீதம் இறங்கினால் உங்கள் தலையில் கூடுதலாக 1,500 பவுண்டு. 75 ஆண்டில், 92% என்று போட்டால், 17,000-ஐத் தொட்டுவிடும்.

ஏற்கெனவே 75, 70 என்று இறங்கிவிட்டவர், விற்கும் எண்ணமும் இல்லாதவர் என்றால் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் நிலை அதற்கு நேர் எதிர்.

இல்ஃபோர்டு வாசி:
நன்றி தேவகி அக்கா, பதிவேட்டை எடுத்துவிட்டேன். லீஸ் காலம் பத்திரத் தேதிக்கு 5 மாதம் முன்பே தொடங்கியிருக்கிறது. அப்படியென்றால் 80 ஆண்டுக்கு மேல் 2 மாதம்தான். அதற்குள் எல்லாம் முடியுமா?

சட்டத்தரணி (குரொய்டன்):
எல்லாம் முடியத் தேவையில்லை சகோதரம். 1993 லீஸ் சட்டத்தின் பிரிவு 42 நோட்டீஸ், அதாவது நீட்டிப்புக் கேட்கும் நோட்டீஸ், ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்கப்படும் நாள்தான் மதிப்பீட்டு நாள். அன்றைக்கு 80-க்கு மேல் இருந்தால், பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுத்தாலும் மேரேஜ் வேல்யூ வராது. மின்னஞ்சலில் பேரம் பேசிக்கொண்டிருப்பது இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. 11,000 பவுண்டு கேட்டவர் மூன்று மாதம் பதில் போடாமல் இருந்துவிட்டு வேறு விலை சொன்னாலும் அவரைக் கேட்க வழியில்லை. விலையும் பாருங்கள்: அவர் தருவது 45 ஆண்டுதான், அடுத்த 80 ஆண்டுக்கு வாடகையும் தொடர்கிறது. 1993 சட்டப்படி போனால் 90 ஆண்டு கூடும், வாடகை அடியோடு போகும்.

இந்த வாரமே லீஸ் நீட்டிப்பில் பழகிய சர்வேயரையும் சொலிசிட்டரையும் பிடியுங்கள். வீடு வாங்கும்போது வந்த சொலிசிட்டரே போதும் என்று நினைக்காதீர்கள், இதற்கென்றே அலெப் என்ற சங்கத்தில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சர்வேயர் குறைந்தது, கூடியது என இரண்டு தொகை தருவார். நோட்டீஸில் குறைந்ததை எழுதலாம், ஆனால் அது நம்பத்தக்க தொகையாக இருக்க வேண்டும். 500 பவுண்டு என்று எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகக்கூடும். வாபஸ் வாங்கினால் அடுத்த நோட்டீஸுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் நீங்கள் 80-க்குக் கீழே. லீஸ் விவரம், ஃப்ளாட்டின் எல்லை, கூட்டு உரிமையாளர் எல்லோரின் பெயர், எதுவும் விடுபடக் கூடாது. கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள், தபாலில் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும்.

பதிலுக்கு அவருக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் டெபாசிட் கேட்பார்: நோட்டீஸில் நீங்கள் எழுதிய தொகையில் 10% அல்லது 250 பவுண்டு, எது கூடுதலோ அது. உங்கள் உரிமைக்கு ஆதாரம் கேட்டால் 21 நாளில் கொடுக்க வேண்டும். பதில் நோட்டீஸ் வந்து இரண்டு மாதத்திலும் தொகை ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். பேச்சு நல்லபடியாகப் போகிறதே என்று பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். ஏழாம் மாதம் நோட்டீஸ் வாபஸானதாகவே கருதப்படும். அவர் பதிலே போடாவிட்டால் கவுண்ட்டி கோர்ட்டில் மனுப் போட்டு, நீங்கள் எழுதிய தொகைக்கே லீஸ் பெறலாம். அதற்கும் ஆறு மாதக் கெடு உண்டு.

செலவில் அவருடைய சர்வேயர் மதிப்பீடும் பத்திர வேலையும் நியாயமான அளவில் உங்கள் கணக்கில் வரும். அவர் உங்களோடு பேரம் பேசிய செலவும் தீர்ப்பாயச் செலவும் வராது. பில்லில் அவை கலந்திருந்தால் மறுத்துவிடுங்கள்.

தேவகி:
ஒன்று சேர்க்கிறேன். நோட்டீஸ் கொடுத்த கையோடு சொலிசிட்டரிடம் சொல்லி அதை ஃப்ரீஹோல்டின் பதிவேட்டில் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரீஹோல்ட் நடுவில் கைமாறினால் புதியவருக்கு எதிராக உங்கள் நோட்டீஸ் நிற்காமல் போகலாம். நீங்களே விற்க நேர்ந்தால், விற்பனைப் பத்திரத்தோடு நோட்டீஸின் உரிமையையும் வாங்குபவருக்கு எழுதிக் கொடுங்கள். வங்கிக் கடன் இருக்கிறதா? புதிய லீஸ் பழையதற்குப் பதிலாக வருவதால் வங்கியின் அடமானமும் அதற்கே மாறும். வங்கிக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.