ஹை-ஃபை செட்டுக்கு எந்த பிளக் பாயின்ட் போடலாம்? ஹம் சத்தமும் இருக்கு, உதவி தேவை

மாடிவீட்டு ரசிகன்

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்துல பழைய வீடு. மாடி ஹாலுக்கு மட்டும் புதுசா வயரிங் இழுக்கறோம். சுவத்துல காடி வெட்டி பைப் பதிச்சாச்சு. பூச்சு வேலை ஆரம்பிக்கறதுக்குள்ள, பாட்டு செட் வரப்போற சுவத்துக்கு எத்தனை பாயின்ட், எந்த மாதிரி சாக்கெட்னு சொல்லணும்னு எலெக்ட்ரீஷியன் நிக்கறார்.

செட் இப்போ கீழ் ரூம்ல ஓடுது. சேனலுக்கு 60 வாட் இன்டகிரேட்டட் ஆம்ப், ஒரு டேக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏத்த சிக்னலா மாத்தற பெட்டி), டர்ன்டேபிள், பவர்டு சப்வூஃபர். டிவியோட செட்-டாப் பாக்ஸ்ல இருந்தும் ஒரு ஆர்சிஏ கேபிள் ஆம்புக்கு வருது. பாட்டு நின்னதும் ஸ்பீக்கர்ல "உம்ம்ம்"னு ஒரு சத்தம், ராத்திரியில நல்லாவே கேக்குது. ஆம்ப் பாடியைத் தொட்டா சில நேரம் சுருக்குங்குது.

செட் வித்த கடைக்காரர், "சாக்கெட்தான் காரணம், ரோடியம் பூசின இறக்குமதி சாக்கெட் போடுங்க, செட்டுக்குன்னு தனி எர்த் குழியும் வெட்டுங்க"ன்னார். அந்த ஒரு சாக்கெட் காசுல ஹால் முழுக்க ஸ்விட்ச் போர்டு போட்டுடலாம். போடலாமா? 6 ஆம்ப் போதுமா, 16 ஆம்ப் வேணுமா?

கறுப்புத்தட்டு

சார், நான் ஜப்பான் சாக்கெட்தான் வச்சிருக்கேன். பாட்டுக்குப் பின்னாடி இருக்கற அமைதியே தனி. காசுக்குப் பார்க்காதீங்க, ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் கிடக்கும். ஆனா ஹம் அதால போகுமான்னு என்னால சொல்ல முடியாது, என் செட்டுல ஹம் எப்பவுமே இருந்ததில்ல.

பழைய ஒயர்மேன்

தம்பி, சாக்கெட் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். அந்த சுருக் எப்போ வருது? எல்லா கேபிளும் மாட்டியிருக்கும்போதா, இல்ல ஏதாவது ஒண்ணைக் கழட்டி மாட்டும்போதா? அதைப் பொறுத்து பதில் மாறும்.

வீட்டுல மல்டிமீட்டர் இருக்கா? ஆம்ப்ல இருந்து சிக்னல் கேபிள் எல்லாத்தையும் உருவிடுங்க, பவர் கார்டு மட்டும் இருக்கட்டும். பக்கத்து சாக்கெட்டுல ஏசி வோல்ட் வச்சு மூணு அளவு எடுங்க: ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். மேல இருக்கற பெரிய ஓட்டை எர்த். நேருக்கு நேர் பார்த்தா கீழே வலது பக்கம் ஃபேஸ் இருக்கணும், இடது நியூட்ரல். மாறி இருந்தா அதையும் எழுதுங்க. மீட்டர் பழக்கமில்லைன்னா எலெக்ட்ரீஷியனையே எடுக்கச் சொல்லுங்க, கரன்ட்டோட விளையாட வேணாம்.

சவுண்டு சரவெடி

எதுக்கு இவ்ளோ வேலை? ஆம்ப் பிளக்குல எர்த் பின்னைக் கழட்டிடுங்க ப்ரோ. ரெண்டு பின்ல ஓட்டினா ஹம் பறந்துடும். நான் அப்படித்தான் ஓட்டறேன்.

பழைய ஒயர்மேன்

அதை மட்டும் செஞ்சுடாதீங்க. இரும்பு டப்பாக்குள்ள ஃபேஸ் ஒயர் என்னைக்காவது பாடியில பட்டா, எர்த் இருந்தா டிரிப் ஆகும். இல்லைன்னா பாடி முழுக்க 230 வோல்ட்டோட யாராவது தொடறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். ரெண்டு பின்னோடவே கம்பெனியில இருந்து வர்ற சாமான் வேற ரகம். பின்னாடி சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட அடையாளம் இருக்கும், அதுக்குள்ள இன்சுலேஷன் ரெண்டு அடுக்கு. மூணு பின்னோட வந்ததை ரெண்டு பின் ஆக்கறது கொலைக்குச் சமம்.

மாடிவீட்டு ரசிகன்

ஒயர்மேன் ஐயா, நன்றி. எலெக்ட்ரீஷியன் எடுத்த அளவு: ஃபேஸ்-நியூட்ரல் 231, ஃபேஸ்-எர்த் 118, நியூட்ரல்-எர்த் 112. ஃபேஸ் வலது பக்கம்தான் இருக்கு. நீங்க கேட்டதுக்கு அப்புறம் கவனிச்சேன். கேபிள் எல்லாம் மாட்டியிருந்தா சுருக் இல்லை. ஒரு கை ஆம்ப் மேலயும் இன்னொரு கையில செட்-டாப் பாக்ஸ் ஆர்சிஏ முனையும் இருக்கும்போதுதான் வருது.

பழைய ஒயர்மேன்

அந்த போர்டுல எர்த் இல்லை தம்பி. ஓட்டை இருக்கு, பித்தளை இருக்கு, ஒயர் எங்கேயோ அறுந்து கிடக்கு. எர்த் சரியா இருந்தா ஃபேஸ்-எர்த்தும் 230 கிட்ட காட்டணும், நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள நிக்கணும். ரெண்டும் ஏறக்குறைய பாதிப் பாதியா நிக்குதுன்னா பாடி அந்தரத்துல மிதக்குது. போர்டைத் திறந்து பச்சை ஒயர் எங்க போகுதுன்னு பார்க்கச் சொல்லுங்க. எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சு "எர்த் வந்துடுச்சு"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. மீட்டர்ல நல்லாத்தான் காட்டும். நியூட்ரல் விட்டுப்போற அன்னைக்கு ஆளைக் கொல்லும்.

ஓம் விதி

அந்தப் பாதி வோல்ட்டேஜ் எங்கிருந்து வருது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவிகளின் பவர் நுழைவில் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று எனச் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாதபோது இரண்டுக்கும் நடுவில் பாடி சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். கரன்ட் மிகக் குறைவு, அதனால் சுருக் என்பதோடு போகிறது.

ஆனால் அந்தக் கசிவு எங்காவது இறங்கியாக வேண்டும். உங்கள் வீட்டில் அது ஆர்சிஏ கேபிளின் வெளிப்பின்னல் வழியாக இறங்குகிறது. இசை வரும் அதே பின்னலில் இந்த 50 ஹெர்ட்ஸும் ஏறிக்கொள்கிறது. கேபிள்கள் மாட்டியிருக்கும்போது சுருக் இல்லாததன் காரணமும் அதுதான். ஒரு கேள்வி: செட்-டாப் பாக்ஸுக்கு வருவது மொட்டை மாடி டிஷ்ஷா, தெருக் கேபிளா?

மாடிவீட்டு ரசிகன்

தெருக் கேபிள்தான். இன்னைக்கு நடந்தது: மேல இருக்கற ஜங்ஷன் பாக்ஸ்ல பச்சை ஒயர் முறுக்கினது விட்டுப்போய் தனியா தொங்கிட்டிருந்தது. இணைச்சாச்சு. இப்போ ஃபேஸ்-எர்த் 229, நியூட்ரல்-எர்த் 1.4. சுருக் சுத்தமா போயிடுச்சு.

ஆனா ஹம் முன்னைவிட கூடிடுச்சு! அம்மாவே "என்னடா, ஃப்ரிட்ஜ் இந்த ரூமுக்கு வந்துடுச்சா"ன்னு கேக்கறாங்க. எர்த்தைத் திரும்பக் கழட்டிடலாம்னுகூடத் தோணுது.

சவுண்டு சரவெடி

நான்தான் அப்பவே சொன்னேனே 😀

ஓம் விதி

கழட்ட வேண்டாம். ஹம் கூடியது நல்ல துப்பு. இப்போது ஆம்புக்கு எர்த் இரண்டு வழியில் வருகிறது: ஒன்று உங்கள் போர்டு, இன்னொன்று தெருக் கேபிளின் வெளிப்பின்னல். அந்தப் பின்னல் கம்பத்து ஆம்ப்ளிஃபையர் வரை போய் வேறு ஏதோ இடத்தில் மண்ணைத் தொடுகிறது. இரண்டு மண்ணுக்கும் இடையே சிறு வோல்ட்டேஜ் வித்தியாசம் எப்போதும் இருக்கும். அந்த வளையத்தில் ஓடும் கரன்ட்தான் உங்களுக்குக் கேட்கிறது. செட்-டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் அந்தத் தெருக் கேபிளை மட்டும் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கடைக்காரர் சொன்ன தனி எர்த் குழியும் இதே வளையத்தைத்தான் உண்டாக்கும். வீட்டின் மெயின் எர்த்தோடு சேராத இரண்டாவது குழி, பாட்டுக்கும் உயிருக்கும் ஆகாது. ஏற்கெனவே இருக்கிற குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள், அது போதும்.

மாடிவீட்டு ரசிகன்

கழட்டினேன். அமைதி! வால்யூமை முக்கால் வரை ஏத்தி ட்வீட்டர்ல காது வச்சா "ஸ்ஸ்"னு லேசா ஒரு காத்து, அவ்வளவுதான். மறுபடி திருகினா உம்ம்ம். ஆனா வீட்டுல சீரியல் நின்னா என்னை வெளிய அனுப்பிடுவாங்க. என்ன செய்யலாம்?

ஓம் விதி

டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் அதிலிருந்து உங்கள் டேக்குக்கு ஒரு ஆப்டிகல் கேபிள் போடுங்கள். செட்-டாப் பாக்ஸிலிருந்து ஆம்புக்கு வரும் ஆர்சிஏவை எடுத்துவிடுங்கள். ஆப்டிகலில் வெளிச்சம்தான் போகிறது, செம்பு இல்லை. வளையம் அங்கேயே அறுந்துவிடும், எர்த் அப்படியே இருக்கும். சீரியலும் ஓடும்.

மாடிவீட்டு ரசிகன்

டிவியில இருக்கு. போட்டாச்சு, வேலை செய்யுது. ரொம்ப நன்றி ஐயா. இப்போ மாடிக்கு வருவோம். எலெக்ட்ரீஷியன் இன்னும் நிக்கறார்.

பழைய ஒயர்மேன்

முதல்ல இறக்குமதி விஷயத்தை முடிச்சுடறேன். ஃபுருடெக், ஓயாய்டே மாதிரி ஜப்பான் ஆளுங்க செய்யற சாக்கெட் நல்ல வேலைப்பாடு, அதுல சந்தேகமில்லை. ஆனா பெரும்பாலும் அமெரிக்க வடிவம், சிலது ஐரோப்பா ஷூகோ வடிவம். அமெரிக்க சாக்கெட்டுல 15 ஆம்ப் இல்லைன்னா 20 ஆம்ப், 125 வோல்ட்னுதான் போட்டிருக்கும். பச்சைப் புள்ளி வச்ச ஹாஸ்பிட்டல் கிரேடுன்னு விக்கறதும் அங்கத்து சமாசாரம்தான். அதை நம்ம 230-ல மாட்டறது முறையில்லை. நம்ம மாடுலர் பிளேட்டுலயும் உட்காராது, நம்ம பின்னும் அதுல போகாது. கடைசியில ஒரு கன்வெர்ஷன் பிளக் மாட்டுவீங்க, அது லொடலொடன்னு ஆடும்.

உங்க செட்டு மொத்தமும் முழு வால்யூம்லகூட 700 வாட்டைத் தாண்டாது, அதாவது 3 ஆம்ப். 6 ஆம்ப் சாக்கெட் தாராளம். கவனிக்க வேண்டியது பிடிப்பு. 6 ஆம்ப் பிளக்கோட கீழ் பின் 5 மில்லிமீட்டர் சொச்சம், 16 ஆம்ப்ல அதுவே 7. ரெண்டையும் ஒரே ஓட்டையில வாங்கற 6/16 சாக்கெட்டுல சின்னப் பின் சரியா நிக்காது, நாளாக நாளாகத் தளரும். எல்லா நாட்டு பிளக்கும் போகும்னு விக்கற யுனிவர்சல் சாக்கெட்டை அந்தச் சுவர் பக்கமே விடாதீங்க. அதனால தனி 6 ஆம்ப், ஷட்டர் வச்சது, ஐஎஸ் 1293 நம்பரோட ஐஎஸ்ஐ முத்திரை இருக்கறது. ஆங்கர், லெக்ராண்ட், ஹேவல்ஸ், ஜிஎம் எது கிடைக்குதோ அது. கடையிலயே ஒரு பிளக்கைச் சொருகி இழுத்துப் பாருங்க. வரும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கணும்.

ஆறு சாக்கெட் ஒரே இடத்துல போடுங்க. சப்வூஃபர் உட்பட எல்லாம் அங்கிருந்தே போகட்டும், எதிர் மூலை போர்டுல எதையும் சொருகாதீங்க. டிபியில (மெயின் எம்சிபி பெட்டி) இருந்து ஒரே லைன், 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், அதுக்கு 10 ஆம்ப் எம்சிபி (கரன்ட் கூடினா தானே விழற ஸ்விட்ச்), சி டைப். பி டைப் போட்டா பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பை ஆன் பண்ற நொடியிலயே சில சமயம் விழும். கரன்ட் கசிஞ்சா லைனை அறுக்கற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம்.

மாடிவீட்டு ரசிகன்

எலெக்ட்ரீஷியன் "6 ஆம்புக்கு எதுக்குங்க 2.5, ஒன்றரை போதும்"ங்கறார்.

ஓம் விதி

அவர் சொல்வதில் தப்பில்லை. டிபியிலிருந்து 15 மீட்டர் என்று வைத்தால், போக வர 30 மீட்டரில் 3 ஆம்புக்கு 2.5 ஒயரில் சுமார் 0.7 வோல்ட் விழும், 1.5 ஒயரில் 1.1. காதால் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் சுவருக்குள் போகிற ஒயரை இன்னொரு முறை மாற்ற முடியாது, விலை வித்தியாசமும் பெரிதில்லை. 2.5 போடுங்கள். அதைவிட முக்கியம், பூச்சுக்குள் மறையும் இடத்தில் ஒயரை முறுக்கி டேப் சுற்றக் கூடாது. கீழ் ரூமில் விட்டுப்போனது அப்படி ஒரு முறுக்குத்தான்.

ஸ்பீக்கர் ஒயர், டிவி கேபிளுக்குத் தனி பைப். ஃபேன் ரெகுலேட்டர் வேறு போர்டில், அதுவும் ஐந்து படி உள்ள கெப்பாசிட்டர் வகை. படியே இல்லாமல் சுழற்றும் எலக்ட்ரானிக் வகை ஸ்பீக்கரில் கரகரக்கும்.

கறுப்புத்தட்டு

இதுல ஒண்ணு சேர்க்கறேன். இன்வெர்ட்டர் லைன்ல செட்டைப் போடாதீங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா கரன்ட் போன உடனே ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரே கத்தும். போட்டே ஆகணும்னா சைன் வேவ்.

பழைய ஒயர்மேன்

சரியாச் சொன்னீங்க. இன்வெர்ட்டர் நியூட்ரலை இந்த லைன் நியூட்ரலோட சேர்த்துடவும் கூடாது, ஆர்சிசிபி சும்மா சும்மா விழும்.

தம்பி, இன்னொண்ணு. டர்ன்டேபிளோ டேக்கோ ஷூகோ பிளக்கோட வந்திருந்தா, நம்ம சாக்கெட்டுல ஒரு மாதிரி போயிடும். ஆனா எர்த் எதையும் தொடாது. பிளக்கை வெட்டிட்டு நம்ம 6 ஆம்ப் மூணு பின் டாப் (பிளக்) மாட்டுங்க. அந்தக் கார்டுல பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நம்ம த்ரீ ஃபேஸ் வீட்டு வயரிங்ல நீலம் ஒரு ஃபேஸ் கலர், கறுப்புதான் நியூட்ரல். அந்தப் பழக்கத்துல மாத்தி மாட்டிடுவாங்க, பக்கத்துல நின்னு பாருங்க.

மாடிவீட்டு ரசிகன்

டேக்ல ஷூகோதான் இருக்கு! நாளைக்கே டாப் வாங்கிடறேன். ஆறு 6 ஆம்ப் சாக்கெட், 2.5 ஒயர், தனி லைன்னு எலெக்ட்ரீஷியன்கிட்ட எழுதிக் கொடுத்தாச்சு. எம்சிபி மட்டும் சி டைப் 10 ஆம்ப் அவர் கையில இல்லையாம், மெயின்கார்ட் கேட் பக்கம் போய் வாங்கணும்.