வீட்டில் வேப் ஜூஸ் கலக்கிச் சொதப்பியவர்கள் வாருங்கள், நான் ஆரம்பிக்கிறேன்

ஈஸ்ட்ஹாம் பழசு

நன்றாக வந்த ரெசிபியை எல்லோரும் போடுகிறார்கள், சொதப்பியதை ஒருவரும் போடுவதில்லை. அதனால் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன்.

லண்டனில் இருக்கிறேன். பதினெட்டு வருடம் சிகரெட், 2014-இல் வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, மாறினேன். அதில் ஊற்றுகிற திரவம்தான் ஜூஸ். கலக்க ஆரம்பித்தது காசுக்காகத்தான், ஆர்வமெல்லாம் அப்புறம் வந்தது. 2017 மே மாதத்திலிருந்து இங்கே நிகோடின் உள்ள ஜூஸை 10 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக்கூடாது, ஒரு மில்லிக்கு 20 மி.கி. நிகோடினைத் தாண்டவும் கூடாது. நான் ஒரு நாளைக்கு எட்டு மில்லி இழுக்கிற ஆள். வாரக் கடைசியில் எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்த்தால் ஹோமியோபதி டாக்டர் வீடு என்றுதான் நினைப்பார்கள், அத்தனை குட்டிக் குப்பிகள்.

இதற்குக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் ஷார்ட்ஃபில். 60 மில்லி பாட்டிலில் நிகோடின் இல்லாத ஜூஸ் 50 மில்லி இருக்கும், மேலே கொஞ்சம் காலி. மில்லிக்கு 18 மி.கி. நிகோடின் உள்ள 10 மில்லி குப்பி (நிக் ஷாட்) ஒன்றை அதில் ஊற்றிக் குலுக்கினால் மொத்தமும் 3 மி.கி. ஆகிவிடும். நாலு தடவை அப்படிக் குலுக்கியவனுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: அந்த 50 மில்லியில் இருப்பது பிஜி, விஜி, கொஞ்சம் வாசனை, அவ்வளவுதானே, அதையும் நாமே ஊற்றினால் என்ன? (புதிதாக வருகிறவர்களுக்கு: விஜி என்பது கிளிசரின், புகை அதிலிருந்து வருகிறது. பிஜி என்பது புரொப்பிலீன் கிளைகால், தொண்டையில் பிடிப்பதும் வாசனையைத் தூக்கிக் காட்டுவதும் அது.)

முதலில் சிரிஞ்சு வைத்துக்கொண்டு போராடினேன். விஜி வெல்லப்பாகு மாதிரி, இழுப்பதற்குள் கட்டைவிரல் போய்விடும். அப்புறம் 0.01 கிராம் வரை காட்டும் ஒரு சின்னத் தராசு வாங்கினேன். பாட்டிலை அதன் மேல் வைத்து, பூஜ்யம் அழுத்தி, சொட்டுச் சொட்டாக விட்டு எடையைப் பார்த்தால் போதும். விஜி ஒரு மில்லி 1.26 கிராம், பிஜி 1.04. கழுவ வேண்டிய சாமானே இல்லை. சிரிஞ்சில் கலக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

என் கனவெல்லாம் ரோஸ்மில்க். ரோஸ் கான்சன்ட்ரேட்டை (அடர்த்தியான வாசனைத் திரவம்) முதல் தடவை 3 சதவீதம் ஊற்றினேன். பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிற இடத்தில் குனிந்து மூச்சு விட்ட மாதிரி இருந்தது, கடைசியில் ஒரு சோப்பு வாசனை வேறு. குறைத்துக் குறைத்து, கூட வெனிலா ஐஸ்கிரீமும் கிரீமும் சேர்த்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். சரி, 100 மில்லி கலக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

இங்கேதான் கதை. சட்டம் வருவதற்கு முன்னால் பலரும் செய்த மாதிரி நானும் மில்லிக்கு 72 மி.கி. உள்ள நிகோடின் பேஸ் (கலக்குவதற்கான அடர்த்தியான நிகோடின் திரவம்) வாங்கி ஃப்ரீசரில் பதுக்கியிருந்தேன். ஒரு பெரிய பாட்டிலை நாலு சின்னப் பழுப்புக் குப்பிகளில் பிரித்து வைத்ததும் நான்தான், அதில் ஒன்றில் எழுதாமல் விட்டதும் நான்தான். அன்றைக்குக் கைக்கு வந்தது அந்தக் குப்பி. கால்குலேட்டரில் போன தடவை போட்ட 18 அப்படியே இருந்தது. 100 மில்லிக்கு 3 மி.கி. வேண்டும் என்றால் 16.7 மில்லி ஊற்று என்றது, ஊற்றிவிட்டேன். 18-க்கு அது சரி. 72-க்கு? பன்னிரண்டு மி.கி. ஜூஸ். அதுவும் பெரிய காயில் (ஜூஸைச் சூடாக்குகிற கம்பிச்சுருள்) போட்டுப் புகையாக ஊதுகிற டேங்கில்.

முதல் இழுப்பிலேயே மிளகாய் வற்றல் தாளித்த புகை மாதிரி தொண்டையைப் பிடித்தது. புது ஜூஸ், இரண்டு நாள் ஊறினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு இன்னும் ஏழெட்டு இழுத்தேன் பாருங்கள், அதுதான் முட்டாள்தனம். பத்து நிமிடத்தில் வாயெல்லாம் எச்சில் ஊறுகிறது, நெற்றியில் குளிர்ந்த வேர்வை, கிச்சன் மெதுவாகச் சுற்றுகிறது. சிங்க்கில் இரண்டு முறை வாந்தி. மனைவி மாரடைப்பு என்றே முடிவு செய்து 111-க்கு (இங்கே மருத்துவ ஆலோசனை எண்) போன் போட்டுவிட்டாள். போனில் அவர்கள் “என்ன சாப்பிட்டார்?” என்று கேட்க, அவள் என்னைத் திரும்பிப் பார்க்க, நான் தராசைக் காட்டினேன். அந்தப் பார்வை வாந்தியைவிடக் கஷ்டம். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்ததில், கலந்ததைக் கீழே கொட்டாமல் 3-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் நாலு மடங்காக்க வேண்டும். ஆக, 400 மில்லி ரோஸ்மில்க். கஞ்சத்தனம் விடவில்லை, செய்தேன்.

இப்போது 18-க்கு மேல் எதுவும் வீட்டில் இல்லை. குப்பியில் எண்ணும் தேதியும் மார்க்கரில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டுகிறேன், ஃப்ரீசர் ஈரத்தில் மை கரைந்துவிடும். நைட்ரைல் கையுறையும் போடுகிறேன், தோல் வழியாகவும் நிகோடின் உள்ளே போகும். அடுத்தவர் வரலாம்.

செந்தூல் மச்சான்

அண்ணே, உங்களுடையது கணக்குப் பிழை. என்னுடையது அறிவுப் பிழை.

2015, கோலாலம்பூரில் தெருவுக்கு ஒரு ப்ரூவர் (ஜூஸ் கலக்கி விற்கிறவர்) இருந்த காலம், நண்பன் வீட்டுச் சமையலறையில் நாங்களும் தொழிலதிபர் ஆகலாம் என்று இறங்கினோம். கான்சன்ட்ரேட் விலையைப் பார்த்துவிட்டு, கேக் சாமான் விற்கிற கடையில் பாண்டான் எசன்ஸ் வாங்கினேன். பச்சைப் பசேல் என்று ஜூஸ், பார்க்கவே அழகு. ஒரு மணி நேரத்தில் காயில் கரிக்கட்டை. பஞ்சை வெளியே எடுத்தால் தோசைக்கல்லில் தீய்ந்த சர்க்கரை மாதிரி. பேக்கரி எசன்ஸில் கலர் இருக்கும், சர்க்கரை இருக்கும், சிலதில் எண்ணெயே இருக்கும். வயிற்றுக்குப் போனால் செரிக்கும், நுரையீரலுக்கு எண்ணெயைச் செரிக்கத் தெரியாது.

2019-இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பாதிப்பு என்று 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்களே, 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள், அதில் முக்கியமாக மாட்டியது கஞ்சா கார்ட்ரிட்ஜில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். நம் நிகோடின் ஜூஸ் இல்லைதான். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்குத்தான் நான் இழுத்த பாண்டான் ஞாபகத்துக்கு வந்து இரவெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது தண்ணீரிலோ பிஜியிலோ கரைகிற, வேப்புக்கென்றே விற்கிற வாசனை மட்டும்தான்.

டொரண்டோ அகிலன் அம்மா

நான் வேப் அடிப்பதில்லை, கலக்குவது என் கணவர். சொல்ல வேண்டும் போல இருந்ததால் எழுதுகிறேன்.

போன வருடம் ஃப்ரிட்ஜ் கதவில் மகனின் இருமல் மருந்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பி. இரண்டும் ஸ்ட்ராபெரி வாசனை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். இரவு இரண்டு மணி, மகனுக்கு இருமல், கையில் கரண்டி, விளக்குப் போடவில்லை. மூடியைத் திருகியபோது வழக்கமான குழந்தைப் பூட்டுச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. அந்த வித்தியாசம்தான் என்னை நிறுத்தியது. ஈஸ்ட்ஹாம் அண்ணா சொன்ன 72 மி.கி. பேஸில் ஒரு தேக்கரண்டி என்றால் 360 மி.கி. நிகோடின். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 2018-இல் இரண்டு வயது நிறையாத குழந்தை இறந்தது இப்படித்தான், தாய் வீட்டில் ஜூஸ் கலந்துகொண்டிருந்தபோது, திறந்திருந்த நிகோடின் பாட்டிலிலிருந்து.

இப்போது எல்லாம் கராஜில், பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில். சாவி என்னிடம். அவருக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

கஸ்டர்ட் பைத்தியம்

நிகோடினில் தப்பியவன், வெண்ணெயில் மாட்டினேன். வெண்ணெய் வாசனைக்கு டைஅசிட்டைல் என்று ஒரு பொருள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரியில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் போனது தெரியவந்ததே, அது இதனால்தான், சாப்பிட்டதால் இல்லை, ஆவியை மூச்சில் இழுத்ததால். பிரிட்டனில் கடை ஜூஸில் இதற்குத் தடை. வீட்டில் கலக்கும்போது தடுக்க யார் இருக்கிறார்கள்? பழைய பட்டர் ஃபிளேவர் ஒன்றை மூன்று வருடம் ஊற்றியிருக்கிறேன், லேபிளைத் திருப்பிப் படித்த அன்றே தூக்கிப்போட்டேன்.

இன்னொன்று: கஸ்டர்டை மூன்று நாலு வாரம் இருட்டில் வைத்தே ஆக வேண்டும், பழம் என்றால் இரண்டு நாள் போதும். வெந்நீரில் வைத்தால் சீக்கிரம் ஊறும் என்பதை நான் நம்பவில்லை, செய்து பார்த்தும் நம்பவில்லை. ஸ்வீட்னரை அரை சதவீதத்துக்கு மேல் போடாதீர்கள், காயில் நாலே நாளில் செத்துவிடும்.

கோவை தம்பி

அண்ணா, இங்கே பிஜி, விஜி எல்லாம் கிடைக்கிறது. நிகோடின் மட்டும் யாராவது வரும்போது கொண்டுவந்தால் நானும் கலக்கலாமா?

ஈஸ்ட்ஹாம் பழசு

தம்பி, வேண்டாம். இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி, விற்பனை எல்லாமே குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நானே ஊருக்கு வரும்போது எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு நிகோடின் கம்மோடுதான் விமானம் ஏறுகிறேன். சிங்கப்பூர் வழியாக வருகிறவர்களுக்கும் சொல்கிறேன், அங்கே 2018-லிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம்.

அகிலன் அம்மா, உங்கள் பதிவை மனைவிக்கும் காட்டினேன். நேற்றே எங்கள் வீட்டுக்கும் ஒரு பூட்டுப் பெட்டி வந்துவிட்டது, சாவி யாரிடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி என்று அறிவித்ததிலிருந்து நிறையப் பேர் தராசு வாங்கலாமா என்று எனக்குத் தனியாக எழுதுகிறார்கள். வாங்குங்கள், கூடவே ஒரு மார்க்கரும்.

தனியாக ரோஸ் எவ்வளவு என்று கேட்டவருக்கு: 0.4 சதவீதம், அதற்கு மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.