அத்தைக்கு 63 வயசு, இதுவரை இரத்தப் பரிசோதனையே செஞ்சதில்லை. எங்கே போறது?

சிப்புட் மருமகள்:
வணக்கம். நாங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம். அத்தை முப்பது வருஷம் பால்மரம் வெட்டுனவங்க. தோட்டத்து டிரஸ்ஸர் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்ததோட சரி, "நோவு வந்தாத்தானே கிளினிக்கு"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க. ராத்திரி மூணு நாலு தடவை ஒண்ணுக்கு எழுந்திரிக்கிறாங்க. முந்தாநாள் செருப்புக்குள்ள ஒரு சின்னக் கல்லு. அதோடயே நாள் பூரா நடந்திருக்காங்க. சாயந்தரம் செருப்பைக் கழட்டினப்பதான் இரத்தத்தைப் பார்த்தேன். வலிக்கவே இல்லையாம்! முன்னே ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். மலாய்ல படபடன்னு கேட்டாங்க, அத்தைக்குப் புரியல, முகம் சுண்டிப்போய்த் திரும்பிட்டாங்க. என்னென்ன சோதனை கேட்கணும்? காசு எவ்வளவு ஆகும்?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்):
அம்மா, வலிக்கலைன்னு சொன்னதுதான் எனக்குப் பயமா இருக்கு. இனிப்பு நீரை, அதான் சர்க்கரை நோயை, ரொம்ப நாள் கவனிக்காம இருந்தா கால் மரத்துப்போகும். நாளைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதான் அரசாங்கக் கிளினிக்குக்கு, கூட்டிட்டுப் போங்க, புண்ணையும் காட்டுங்க. பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), 60 தாண்டுனவங்களுக்கு அதுவும் கிடையாது.

காலைச் சோதிக்கச் சொல்லி நீங்களே கேளுங்க. கண்ணை மூடச் சொல்லிட்டு, மெல்லிசான நைலான் நரம்பை உள்ளங்கால்ல ஒவ்வொரு இடமா, அது வளையுற அளவுக்கு அழுத்துவாங்க. தொட்டது தெரிஞ்சா சொல்லணும். அத்தை மாதிரியே மரம் வெட்டுன பாட்டி ஒருத்தங்களுக்கு நான் அஞ்சாவது இடத்தை அழுத்திட்டிருந்தேன், "இன்னும் ஆரம்பிக்கலையா மிஸ்ஸி?"ன்னாங்க. எனக்குக் கை நின்னுபோச்சு.

இரத்தம் எடுக்கிற அன்னிக்குப் பசியாறக் கூடாது, எட்டு மணி நேரம் வெறும் தண்ணிதான். சில பேரு அளவு குறைச்சலாத் தெரியட்டும்னு ரெண்டு நாளைக்கு இனிப்புத் தேத்தண்ணிய விட்டுட்டு வருவாங்க. ஆனா எச்பிஏ1சி-ங்கிற சோதனை கடந்த ரெண்டு மூணு மாசச் சர்க்கரைக் கணக்கைச் சொல்லிடும், அதையும் கேளுங்க. 2019 தேசிய ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், நம்ம இந்தியர்கள்ல 31.4. நோய் இருந்தவங்கள்ல பாதிப் பேருக்குக்கிட்ட அது இருக்கிறதே தெரியாது. ஒவ்வொரு தோட்டத்து லயத்துலயும் இது நடக்குது அம்மா.

மொழிக்கு நீங்க பக்கத்துலயே நில்லுங்க. இனிப்பு நீருக்கு மலாய்ல "கென்சிங் மானிஸ்"னு சொன்னா உடனே புரிஞ்சுக்குவாங்க.

செம்பனை லோரி:
அக்கா, வீட்டுக்கு எஸ்டிஆர், அதான் அரசாங்கத்தோட பண உதவி, வருதா? வந்தா பெக்கா பி40-ன்னு குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான அரசாங்க உடல்நலத் திட்டம் இருக்கு, 2019-ல தொடங்கினது. எஸ்டிஆர் வாங்குறவங்களுக்கும் அவங்க துணைக்கும் 40 வயசு ஆகியிருந்தா, திட்டத்துல சேர்ந்த தனியார் கிளினிக்ல சோதனை இலவசம். ரெண்டு தடவை போகணும், முடிவு ரெண்டாவது தடவைதான். எங்கப்பா முதல் தடவையோட நிறுத்திட்டாரு, நான் விடாம இழுத்துட்டுப் போனேன். இரத்த அழுத்தம் அப்பத்தான் தெரிஞ்சது.

சிப்புட் மருமகள்:
மிஸ்ஸி, இன்னிக்குக் காலையிலயே போயிட்டு வந்தோம். புண்ணுக்குக் கட்டுப் போட்டாங்க. அந்த நைலான் நரம்பை வச்சுப் பார்த்தப்ப இடது கால் பரவாயில்ல, வலது கால்ல நாலு இடத்துல அத்தை வாயே திறக்கல. நான் பார்த்துட்டே நின்னேன். இரத்தம் எடுத்தாச்சு, கண்ணுக்கும் தேதி கொடுத்திருக்காங்க. வர்ற வழியில அத்தையே கடையில நிறுத்தச் சொல்லி, மூடின செருப்பு ஒரு ஜோடி எடுத்தாங்க.